காசு அடிக்காத வருஷங்கள்

நேற்றுச் சாயங்காலம் நீங்கள் மூன்று பேரும் என் காசுப் பலகையை இழுத்து வைத்து விளையாடிக்கொண்டிருந்தீர்கள். சின்னவள் நடுவிலே வெறுமையாகக் கிடந்த குழிகளைப் பார்த்து மனம் கேட்காமல் ஒவ்வொன்றிலும் ஒரு புளியங்கொட்டையை வைத்து அடைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் நான் சத்தம் போட்டேன். அவள் பயந்து அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய் நின்றாள். "ஒரு புளியங்கொட்டைக்கா அப்பா இப்படிக் கத்துறாரு?" என்று பெரியவள் கேட்டதும் என் காதில் விழுந்தது.

எனக்கு வாயால் எடுத்துச் சொல்ல வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்த எழுத்து இருக்கிறது. அதை வைத்து எழுதுகிறேன். அந்தக் குழிகள் ஏன் வெறுமையாக இருக்கின்றன, அவற்றை ஏன் யாரும் அடைக்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாளைக்கு உங்களையும் யாராவது கேட்பார்கள்.

காசு சேர்ப்பது எனக்கு முதலில் வெறும் ஆசைதான். சல்லி சேர்ப்பதை நான் சொல்லவில்லை. நம்மிடம் சல்லி எங்கே சேர்ந்தது. பார்க்க அழகாக இருக்கும் காசுகளைச் செலவழிக்க மனம் வராது, அவ்வளவுதான். ஓரம் பூப்பூவாக வளைந்த இரண்டு சதம், மூலை மழுங்கிய சதுரமான ஐந்து சதம், ராஜா தலை போட்ட பழைய செப்புச் சதம். சம்பள நாளில் கையில் வந்தால் தடவிப் பார்ப்பேன், பிடித்தால் பால்மாத் தகரத்தில் போடுவேன். எத்தனை இருக்கிறது, என்ன இருக்கிறது என்று எதுவும் தெரியாது. தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில் வேலை முடிந்து வந்து, தேயிலைத் தூள் படிந்த கையோடு அந்தத் தகரத்தைக் குலுக்கிக் கேட்டால் ஒரு சந்தோஷம்.

"குலுக்குங்க, நல்லாக் குலுக்குங்க. கோயில் உண்டியல் வருதுன்னு பக்கத்துக் காம்பராவுல எல்லாரும் எழும்பி நிக்கட்டும்" என்பாள் உங்கள் அம்மா.

அது அப்படியே விளையாட்டாகப் போயிருக்கும். அந்தச் சமயத்தில்தான் எந்த நாட்டுப் பிரஜாவுரிமை வேண்டும் என்று விண்ணப்பம் கொடுக்கச் சொன்னார்கள். இரண்டு நாட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து, எந்த நாட்டுக் காகிதமும் இல்லாத தோட்டத்துத் தமிழர்கள் எங்களைப் பங்கு பிரித்திருந்தார்கள். இத்தனை பேர் இந்தியாவுக்கு, இத்தனை பேர் இலங்கைக்கு. ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக இருக்கும் எங்கள் லயத்தில் ஒரு வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டால் சாவு என்று நினைக்க வேண்டியதில்லை, அவர்களுக்குக் கப்பலுக்குத் திகதி வந்திருக்கும். உங்கள் தாய்மாமன் குடும்பம் போனபோது பதுளை ஸ்டேஷனில் அம்மா ரயில் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. கார்டு வந்து விரலைப் பிரித்துவிட்டார்.

நான் இலங்கைக்குத்தான் எழுதிக் கொடுத்தேன். நான் பிறந்தது தெமோதரைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். இந்தியாவை நான் பார்த்ததில்லை. அங்கே போனால் எந்த வாசலில் போய் நிற்பது என்றுகூட எனக்குத் தெரியாது. எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது, விசாரணைக்குக் கூப்பிடுவார்கள், பிறந்ததிலிருந்து விடாமல் இந்த நாட்டிலேயே இருந்ததற்கு அத்தாட்சி காட்ட வேண்டும் என்று தோட்டத்துக் கிளாக்கர் ஐயா சொன்னார். காட்ட முடியாவிட்டால் எனக்கு மட்டும் இல்லை, உங்களுக்கும் நாடு இல்லை.

என்னிடம் இருந்தது இவ்வளவுதான். நான் பிறந்த தோட்டத்தில் அப்பா வேலை செய்ததற்கு ஒரு காகிதம். பிறகு மடுல்சீமையில் இந்தத் தோட்டத்துக்கு வந்ததிலிருந்து, ஆள் கணக்குப் புத்தகமான செக்ரோலில் பெயர். இரண்டுக்கும் நடுவில் சில வருஷங்களுக்கு ஒன்றுமே இல்லை. உலக யுத்தம் முடிந்த சமயத்தில் கங்காணியோடு ஏதோ வாய்த் தகராறில் அப்பாவுக்குப் பேர் வெட்டி அனுப்பிவிட்டார்கள். வேறு எந்தத் தோட்டத்திலும் வேலைக்கு எடுக்கவில்லை. வெலிமடையில் ஒரு மரக்கறித் தோட்டத்தில் போய்ச் சேர்ந்தோம். அங்கே செக்ரோல் ஏது, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டு ஏது. விடிந்தால் வேலை, அந்தி பட்டால் கூலி. நான் சிறுபிள்ளை. வெங்காயத் தாள் மாதிரி இருக்கும் லீக்ஸைப் பிடுங்கி, மண் உதறி, வாழை நாரால் கட்டுக் கட்டி லொறியில் ஏற்றுவேன். இதையெல்லாம் யார் எழுதி வைத்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மழைக்கு வெளியே போக முடியாமல் தகரத்தைச் சாக்கில் கொட்டி உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் முதல் தடவையாக ஒவ்வொரு காசிலும் இருந்த வருஷத்தைப் பார்த்தேன். நான் பிறந்த வருஷத்துச் சதம் ஒன்று அதில் கிடந்தது. அதைத் தனியே எடுத்து வைத்தேன். வருஷத்துக்கு ஒரு காசு. நான் பிறந்ததிலிருந்து இன்று வரைக்கும் வரிசையாக. அப்படி வைத்துக் காட்டினால் இந்த ஆள் இந்த நாட்டுக் காசோடு வளர்ந்தவன் என்று யாருக்கும் தெரியாதா. காகிதம் இல்லாத வருஷத்துக்குக் காசு நிற்கட்டும். சிரிக்காதீர்கள். தண்ணீரில் விழுந்தவன் கைக்கு எது பட்டாலும் பிடிப்பான்.

பசாரில் கடை வைத்திருந்த நானாவிடம் இதைச் சொன்னேன். முஸ்லிம் மனிதர், என்னைவிட மூத்தவர், அரிசி நிறுத்துக்கொண்டே கேட்டார்.

"சாட்சியா? காசு பேசுமா தம்பி?"

"வருஷம் போட்டிருக்கே நானா."

"வருஷம் போட்டிருக்குதான். உங்கட பேரு போடல்லையே."

அப்படிச் சொன்னாலும் கல்லாப் பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டார். "பாருங்க, பாருங்க. எடுக்குறதுக்குச் சமமா வைங்க. பெட்டி குறைஞ்சா என் பொஞ்சாதி ஒங்களத்தான் புடிப்பா" என்றார்.

அன்றிலிருந்து அது விளையாட்டு இல்லை. முதல் வேலையாக ஒரு வருஷத்துக்கு ஒரே காசு என்று வைத்தேன். நல்லதாக ஒன்றைப் பொறுக்கி, மிச்சத்தையெல்லாம் வீட்டுச் செலவுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். எத்தனையோ நாள் ஆசைப்பட்டு வைத்திருந்த பூ ஓரக் காசுகள் சீனியாகவும் மண்ணெண்ணெயாகவும் போயின. அம்மாவுக்கு ஆச்சரியம். "உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். தேடுவதற்கும் ஒரு நாள் வைத்தேன். சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறுதான் நானாவின் பெட்டி நிறைந்திருக்கும். அன்றைக்கு மட்டும் போவேன். மற்ற நாளில் பசாருக்குப் போனாலும் கல்லாப் பக்கம் கண்ணைத் திருப்புவதில்லை. இல்லாவிட்டால் அந்த மனிதர் சலித்துப் போவார், நானும் அதே நினைப்பாய்ப் பைத்தியமாகிப் போவேன். என்ன வருஷம் வேண்டும் என்று மனதில் முடிவு செய்துகொண்டு போய், அதை மட்டும் தேடி, ஐந்து சதத்துக்கு ஐந்து சதம் மாற்றிக்கொண்டு வருவேன். ஒரு சதம்கூடக் கூட்டிக் கொடுத்து வாங்கியதில்லை.

காசை ஓரத்தில் பிடிக்கவும், காய்ந்த பழந்துணியால் ஒற்றி எடுக்கவும் பழகினேன். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் பித்தளைச் செம்பு மாதிரி மின்னும், ஆனால் வருஷமும் சேர்ந்து தேய்ந்து போகும். பக்கத்துக் காம்பரா அக்கா எனக்கு உதவி செய்வதாக நினைத்து ஒரு சதத்தை அப்படித்தான் விளக்கிக் கொடுத்தாள். முகம் பார்க்கலாம் போல இருந்தது. வருஷத்தைத்தான் காணோம். நீங்களும் சேர்க்கிறதாக இருந்தால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகுதான் அந்தப் பலகையைச் செய்தேன். உடைந்த தேயிலைப் பெட்டிப் பலகை. இரும்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, வருஷத்துக்கு ஒன்றாகக் குழி சுட்டேன். குழிக்குக் கீழே பென்சிலால் வருஷம் எழுதினேன். காசு கிடைக்காத வருஷத்துக்கும் குழி சுட்டேன், கிடைத்ததும் வைக்கலாம் என்று.

அங்கங்கே வெற்றுக் குழிகள் இருந்தன. அவற்றைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, அந்த வருஷங்களுக்குக் காகிதம் இருந்தது. காகிதமும் இல்லாத, காசும் இல்லாத இடம் ஒன்றுதான். யுத்தம் முடிந்த பிறகு வந்த சில வருஷங்கள். வெலிமடை வருஷங்கள். வரிசையின் நடுவில் பல் விழுந்த வாய் மாதிரி அது இருந்தது. ஞாயிறு ஞாயிறாகத் தேடினேன். நானாவின் பெட்டியில் இல்லை. பஸ் கண்டக்டர்மாரிடம் கேட்டேன், அவர்கள் பையைக் கொட்டிப் பார்க்க விட்டார்கள், இல்லை. கொழுந்து எடுக்கும் பெண்களிடம் சொல்லி வைத்தேன். சுருக்குப் பையை அவிழ்த்து அவர்கள் கொண்டுவந்த காசெல்லாம் முந்தைய வருஷம் அல்லது பிந்தைய வருஷம். விசாரணைக்குக் கடிதம் வந்து நாளும் குறித்துவிட்டார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

நானாதான் பதுளையில் வங்கிக்குப் போன இடத்தில் வயதான ஒரு காசாளரிடம் விசாரித்து வந்தார். கடை வாசலில் என்னைக் கண்டதும் தலையை ஆட்டினார்.

"தேடாதீங்க தம்பி. அந்த வருஷங்கள்ல காசே அடிக்கல்லையாம். யுத்தத்துல அடிச்சது மிச்சம் இருந்திச்சாம். இல்லாத சாமானை எந்தப் பெட்டில தேடுவீங்க?"

கடைத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் ஒரு டீ ஊற்றித் தந்தார். குடிக்கக் குடிக்க எனக்கு வேறு மாதிரித் தோன்றியது. அப்படியென்றால் என் பலகையில் குறை இல்லை. அந்த இடத்தில் நான் தவறவிட்ட காசு ஒன்றும் இல்லை. அடிக்காத வருஷத்துக்கு நான் என்ன செய்வது. இந்த நாட்டு உத்தியோகத்தருக்கு இந்த நாட்டுக் கணக்குத் தெரியாமலா இருக்கும். நானாவிடம் அப்படியே சொன்னேன். அவர் டீ கிளாஸைக் கழுவப் போனார்.

இன்னொரு காரியமும் செய்தேன். பெரியவளே, நீ அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாய். உன் அரைஞாணில் நடுவில் ஓட்டை போட்ட ஒரு செப்புக் காசு கோத்திருந்தது. இந்தியக் காசு. யாரோ எப்போதோ கடல் தாண்டிக் கொண்டுவந்தது. பிள்ளைகள் இடுப்புக்கு அது அழகு என்று எல்லோரும் கட்டுவார்கள். விசாரணைக்குப் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். இந்தியக் காசை இடுப்பில் கட்டிக்கொண்டு போய் இலங்கை என்று கேட்பதா என்று எனக்கு நடுக்கம். தகரத்தில் இருந்த அணாக்களை ஏற்கெனவே யார் யாருக்கோ கொடுத்துவிட்டேன். இதையும் அறுக்கப் போனேன்.

"பச்சப் புள்ள இடுப்புல இருக்கறது எந்த ஊர்க் காசுன்னு அவுங்க சட்டையத் தூக்கியா பாக்கப் போறாங்க?" என்றாள் அம்மா.

"பாத்துட்டா?"

"பாத்துட்டா, புள்ளைய மட்டும் கப்பல்ல ஏத்திருவாங்களா?"

வேடிக்கையாகத்தான் சொன்னாள். சொல்லி முடித்ததும் உன்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவளே அறுத்து என் கையில் தந்தாள். நீ இடுப்பைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு அழுதாய்.

பலகையை அம்மாவின் பழைய சேலையில் சுற்றிக்கொண்டு பதுளை பஸ் ஏறினோம். "என்ன அண்ணே, கேரம் விளையாடவா போறீங்க?" என்று கண்டக்டர் கேட்டார். பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அலுவலகத்தில் கூட்டம். எங்கள் முறை வந்தபோது பகல் திரும்பிவிட்டது. உத்தியோகத்தர் சிங்களவர், கோபக்காரர் இல்லை, களைத்துப் போயிருந்தார். பக்கத்தில் தமிழில் மாற்றிச் சொல்ல ஒருவர். என் இரண்டு காகிதங்களையும் வாங்கி மேலோட்டமாகப் புரட்டினார். பேனாவை எடுத்தார். அந்த நேரத்தில் எனக்குப் பொறுக்கவில்லை. கேட்பதற்கு முன்னாலே நாமே காட்டிவிட்டால் நல்லது என்று சேலையை அவிழ்த்துப் பலகையை மேசைமேல் வைத்தேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். அவருக்குப் பிடித்திருந்தது, முகத்தில் தெரிந்தது. ராஜா தலை, ராணி தலை, அதற்குப் பிறகு வந்த சிங்க முத்திரை என்று விரலை வரிசையாக நகர்த்திக்கொண்டு போனார். ஒரு வெற்றுக் குழியில் விரல் நின்றது. சும்மா ஒரு ஆர்வத்தில் அந்த வருஷத்துக்கு என் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். முதல் தோட்டத்துக் காகிதத்தில் அந்த வருஷம் இருந்தது. விரல் நகர்ந்தது. நடுவில் குழிகள் சேர்ந்தாற்போல் கிடந்த இடத்துக்கு வந்தது. மறுபடி காகிதத்தைத் திருப்பினார். மற்றக் காகிதத்தையும் திருப்பினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இந்த வருஷங்கள் எங்கேன்னு ஐயா கேக்குறாரு" என்றார் மாற்றிச் சொல்பவர்.

"அந்த வருஷம் காசு அடிக்கல்லைங்க."

அவர் அதைச் சிங்களத்தில் சொன்னார், உத்தியோகத்தர் ஏதோ கேட்டார்.

"காசைக் கேக்கல்ல. நீங்க எங்கே இருந்தீங்கன்னு கேக்குறாரு."

"இங்கதாங்க இருந்தேன். வெலிமடையில. லீக்ஸ் கட்டினேன்."

"அதுக்கு ஏதும் இருக்கா?"

என் கை பலகைமேல் இருந்தது. அம்மா என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தாள். "காசுதாங்க இல்ல. நான் இருந்தேன்" என்றேன். அதை அவர் மாற்றிச் சொன்னாரோ இல்லையோ எனக்குத் தெரியாது. உத்தியோகத்தர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அந்த வருஷங்களுக்கு யாரிடமாவது எழுத்து வாங்கி வரச் சொல்லித் தவணை கொடுத்தார். பலகையைத் தானே இரண்டு கையாலும் தூக்கி, ஒரு காசும் விழாமல், என்னிடம் தந்தார்.

திரும்பி வரும்போது பஸ் பசறை தாண்டியது. அம்மா சன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "தகரத்தோட கொட்டிக் காட்டியிருந்தா ஒருத்தரும் எண்ணியிருக்க மாட்டாங்க." அவள் என்னைக் குத்துவதற்குச் சொல்லவில்லை. பலகை இல்லாவிட்டாலும் அவர் கவனித்திருக்கலாம். கவனிக்காமலும் போயிருக்கலாம். நான் குழி சுட்டு, வருஷம் எழுதி, ஒழுங்காக வைத்த ஒழுங்கு, இல்லாததை அவருடைய விரலுக்கு எடுத்துக் கொடுத்தது.

வெலிமடைக்குப் போனேன். தோட்டம் இருந்தது, பக்கத்தில் இன்னும் நாலு தோட்டம் பெருகியிருந்தது. அதே மாதிரிப் பிள்ளைகள் லீக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். பழைய முதலாளி இறந்துவிட்டார். மகன் கதிரை போட்டு உட்கார வைத்தார், கேட்டார். "எத்தனையோ பேர் வேலை செஞ்சாங்க. ஒருத்தரையும் எனக்குத் தெரியாது. தெரியாததை எப்படி எழுதித் தர?" என்றார். நியாயம்தான். நாங்கள் இருந்த தகரக் கொட்டில் நின்ற இடத்தில் முட்டைக்கோவா நட்டிருந்தார்கள். வாய்க்கால் ஓரத்துக் கல்லை மட்டும் அடையாளம் தெரிந்தது. அப்பா அதில்தான் மண்வெட்டியைத் தீட்டுவார். அந்தக் கல்லில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். கல் எழுதித் தராது. கேரட் மூட்டை ஏற்றிய பஸ்ஸில் நின்றுகொண்டே திரும்பினேன்.

தவணை முடிந்தது. இலங்கை இல்லை என்று பதில் வந்தது. இந்தியாவுக்கு எழுதிக் கொடுங்கள் என்றார்கள் சிலர். நான் எழுதிக் கொடுக்கவில்லை. அம்மா அண்ணனிடம் போக ஆசைப்பட்டிருப்பாள், அவளும் கேட்கவில்லை. இப்போது நமக்கு அந்த நாட்டுக் காகிதமும் இல்லை, இந்த நாட்டுக் காகிதமும் இல்லை. மறுபடி விசாரிப்பார்கள் என்று பேச்சு இருக்கிறது. வருஷா வருஷம் அந்தப் பேச்சு வருகிறது. நானாவிடம் கேட்டாலும், கிளாக்கரிடம் கேட்டாலும், கங்காணியிடம் கேட்டாலும், பொறுத்திருங்கள் என்ற அதே பதில்தான்.

அந்த ஓட்டைக் காசை அம்மா மறுபடி கோத்தாள். உனக்குப் பிறகு தம்பிக்கும், சின்னவளுக்கும் அதே காசுதான். ஒரு நாள் அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுல உள்ள வருஷம் உங்க குழி வருஷந்தானே, அதுல வச்சிரலாமே, பாக்க நிறைவா இருக்கும்" என்றாள். பார்த்தேன். உண்மைதான், அந்த வருஷம்தான். ஒரு குழிக்கு அளவாகவும் இருந்தது. வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டேன். அது இந்தியக் காசு, அந்த வருஷம் நான் அங்கே இல்லை.

சேர்க்கிற பழக்கத்தை நான் விடவில்லை. நீங்கள் பிறந்த வருஷங்களும் அந்தப் பலகையின் கடைசி வரிசையில் இருக்கின்றன. இடம் முடிந்தால் இன்னொரு பலகை சுட்டுத் தருகிறேன். சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு, ஒரு வருஷத்துக்கு ஒரு காசு, சமத்துக்குச் சமம். காசு அடிக்காத வருஷம் வந்தால் குழியைச் சுட்டு அப்படியே விடுங்கள். புளியங்கொட்டை வேண்டாம். பிறப்புக் காகிதமும், பள்ளிக்கூடத்துக் காகிதமும், மருந்து வாங்கிய துண்டுச் சீட்டும், எதுவாக இருந்தாலும் பலகைக்குப் பின்னால் சொருகி வையுங்கள், எறிந்துவிடாதீர்கள்.

ஒரு நாள் யாராவது விரலை நடுக் குழியில் வைத்து உங்களைக் கேட்டால், நான் அன்றைக்குச் சொன்ன மாதிரிக் காசைப் பற்றிச் சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள். எங்கள் அப்பா அப்போது சிறுபிள்ளை, வெலிமடையில் வாய்க்காலுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் லீக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார் என்று சொல்லுங்கள். மூன்று பேரும் ஒரே மாதிரிச் சொல்லுங்கள்.